உயர்தரம் மூன்று முறை எழுதினேன், படிவத்தில் இரண்டு வரிதான் நிரப்பினேன்

அக்காவின் மகளுக்கு, பல்கலைக்கழகம் போக எழுதுகிற உயர்தரச் சோதனையின் பெறுபேறு வந்த அன்றிரவு கோல் எடுத்து, "சித்தி, நான் இன்னொருக்கா எழுதவா, இல்லாட்டி கிடைக்கிறதுக்குப் போகவா?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. இதே கேள்வியோடு ஒரு காலத்தில் நானும் யாழ்ப்பாணத்து நீர்வேலியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தேன், கேட்கத்தான் ஆள் இருக்கவில்லை. அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

நான் உயிரியல் பிரிவு. முதல் முறை எழுதியது 2007. அதற்கு முந்திய ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை பூட்டுப்பட்டதோடு சாமான் எல்லாம் கப்பலில்தான் வந்தது, இரவில் ஊரடங்கு, விடிய ஊரடங்கு எடுத்த கையோடு சைக்கிளை மிதித்து ரியூசனுக்குப் போவோம். அப்பாவுக்கு வாழைத்தோட்டம். கொழும்புக்குப் போகவேண்டிய குலையெல்லாம் ஊருக்குள்ளேயே தேங்கி, சுன்னாகம் சந்தையில் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வருவார், அந்தக் காசில்தான் என்னுடைய ரியூசன் கட்டணமும் விளக்குக்கு மண்ணெண்ணெயும். ஆனால் விளக்கையும் ஊரடங்கையும் நான் சாட்டுச் சொல்லமாட்டேன், அதே வெளிச்சத்தில் படித்து மருத்துவபீடம் போனவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள்.

முதல் முறை உயிரியலுக்கு சி, மற்ற இரண்டுக்கும் எஸ், அதாவது வெறும் சாதாரண சித்தி. இரண்டாம் முறை, 2008 இல், பி, சி, சி. மருத்துவத்துக்குப் போதாது என்பது பெறுபேறு பார்த்த அன்றே எல்லோருக்கும் தெரியும். என் பிழை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பப் படிவத்தில் மருத்துவம், பல்மருத்துவம் என்று இரண்டே இரண்டு தெரிவை எழுதிவிட்டு மிச்சத்தை வெறுமையாக விட்டேன். கீழே வேறு ஏதாவது போட்டால் அதற்குள் தள்ளிவிடுவார்கள், பதிந்துவிட்டால் பிறகு மருத்துவத்துக்குப் போகவே முடியாது என்ற பயம். அம்மாவும் "டொக்டர் எண்டால் டொக்டர்தான் பிள்ளை, இன்னொருக்கா எழுது" என்றா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, தோட்டத்துக்கு இறைக்கப் போய்விட்டார். அவர் அன்றைக்கு ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் போனார் என்று இப்போது நினைக்கிறேன். அவர் போய் ஆறு வருடமாகிறது, இனிக் கேட்கவும் முடியாது.

என்னைவிட இசட் புள்ளி (பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கிற புள்ளி) குறைந்த என் சிநேகிதி அதே வருடம் கைதடியில் சித்த மருத்துவத்துக்கு எடுபட்டாள். இன்று அவள் சித்த வைத்தியர். எனக்கு அது கிடைத்திருக்கும், யாழ்ப்பாணத்திலேயே உயிரியல் விஞ்ஞானமும் கிடைத்திருக்கலாம். கேட்கவேயில்லை, எப்படிக் கிடைக்கும்?

தெரிவு எப்படி நடக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் இருத்திவைத்துச் சொல்வதில்லை. பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் இலங்கை முழுவதற்குமான திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. உங்கள் தெரிவுகளை மேலிருந்து கீழாகத்தான் பார்ப்பார்கள். முதலாவதுக்குப் புள்ளி காணாவிட்டால் இரண்டாவது, அதுவும் காணாவிட்டால் மூன்றாவது. ஆகவே கீழே பத்துத் துறை எழுதினாலும் மேலே இருக்கிற மருத்துவத்துக்கான உங்கள் வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. இதை ஒரு ஆள் அன்றைக்கு எனக்குச் சொல்லியிருந்தால்! ஆணைக்குழுவின் கைநூலில் மாவட்ட வாரியாக முந்திய வருடத்து வெட்டுப்புள்ளி, அதாவது ஒவ்வொரு துறைக்கும் எடுபட்ட ஆகக் குறைந்த புள்ளி, இருக்கும், அதை ஒரு பென்சிலோடு இருந்து வாசியுங்கள். ரியூசன் வாசலில் நிற்கிறவர்கள் சொல்வதை நம்பி நிரப்பவேண்டாம்.

மூன்றாம் முறை 2009. மேயில் யுத்தம் முடிந்தது, அம்மாவின் ஆட்கள் செட்டிக்குளத்தில் இடம்பெயர்ந்தோர் முகாமில், வீட்டில் ஒவ்வொரு நாளும் யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்ற கதை. அந்த நிலையில் ஆகஸ்டில் சோதனை. சி, சி, எஸ். இரண்டாம் முறையைவிடக் குறைவு, பழைய பெறுபேற்றை வைத்துத் திரும்ப விண்ணப்பிக்கவும் வழியில்லை. ஆனால் மனநிலை மட்டும் காரணம் இல்லை. மூன்று முறையும் நான் ஒரே ரியூசனில், ஒரே கொப்பியை, முதலாம் பாடத்திலிருந்து திரும்பத் திரும்பப் படித்தேன். தெரிந்ததைப் படிப்பது சுகமாக இருக்கும், அதில் ஒரு வருடம் போய்விடும். பல்தேர்வில் 50 கேள்விக்கு இரண்டு மணித்தியாலம், ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 24 செக்கன். பௌதிகவியலில் கணிப்பான் கிடையாது, கையால் கணக்குச் செய்து முடிப்பதற்குள்ளேயே எனக்கு அந்த நேரம் போய்விடும், கடைசிப் பத்துக் கேள்வியை வாசிக்காமலே கோடு போட்டுவிட்டு வந்திருக்கிறேன். மணிக்கூட்டை முன்னால் வைத்து ஒரு கடந்தகால வினாத்தாளைக்கூட முழுசாகச் செய்து பார்க்காதவள் நான். இரண்டாம் முறை எழுதப் போகிறவர்கள் எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில் புள்ளி போனது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதைச் சொல்லத் தெரியாவிட்டால் இன்னொரு வருடம் போட்டும் பயனில்லை.

பிறகு ஒரு வருடம் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன். வர்த்தமானியில் தாதியர் பயிற்சிக்கு அழைப்பு வந்தபோது அப்பாதான் அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மூன்று வருடப் பயிற்சி, 2014 இல் நியமனம், அதுவும் தெற்கில், சிங்களம் ஒரு சொல் தெரியாமல். முதல் கிழமை ஒரு வயதான அம்மாவுக்குக் காயத்துக்கு மருந்து கட்டும்போது நோகுதா என்று கேட்கத் தெரியாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரிதான் "ரிதெனவாத" என்று கேட்கச் சொல்லித்தந்தா. இன்றைக்கும் வார்ட்டில் அந்தச் சொல்லைக் கேட்டால் அந்த இரண்டு பேருடைய முகமும் வரும்.

2015 இல் கல்யாணம், இரண்டு பிள்ளைகள். யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கிடைத்த பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டத்துக்குப் பதிந்தேன். மகளைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் ஒப்படை எழுதினேன். கொரோனா வந்து இழுத்தது, 2022 இல் பெற்றோல் இல்லாமல் இவர் என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றி இரவு டியூட்டிக்குக் கொண்டுபோய் விட்டார். முப்பத்தைந்து தாண்டித்தான் பட்டதாரி ஆனேன். இந்த வேலையை நான் மனதார நேசிக்கிறேன், டொக்டர் ஆகாத கவலை எனக்கு இல்லை. அந்த இரண்டு வருடத்துக்கும், அப்போது வீட்டில் யாரோடும் கதைக்காமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த பிள்ளைக்கும்தான் மனம் நோகும்.

பெற்றோருக்கும் ஒன்று. பெறுபேறு வந்த கிழமை பிள்ளையை யார் வீட்டுக்கும் கூட்டிப்போகாதீர்கள், "எத்தனை ஏ?" என்று கேட்கிறவர்களுக்கு நீங்களே பதில் சொல்லி அனுப்புங்கள்.

அக்காவின் மகளிடம் அன்றிரவு ஒன்றுதான் கேட்டேன், எதில் புள்ளி போனது என்று. யோசிக்காமல், "இரசாயனவியல் கட்டுரை, சேதனப் பகுதி" என்றாள். சரி, அப்படியென்றால் எழுது, ஆனால் இந்த வருடப் படிவத்தையும் முழுசாக நிரப்பு, வந்தால் அப்போது இருந்து யோசிப்போம் என்றேன். இப்போது எல்லாம் இணையத்தில்தானே. நேற்று டியூட்டி முடிந்து வந்து பார்த்தால் போனுக்குப் பட்டியலைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். பதினான்கு வரி, நான்காவதாகச் சித்த மருத்துவம்.