எலன் டெர்ரி வீட்டில் ஒரு பொன்வண்டு

தென்கிழக்கு இங்கிலாந்தில், ரை என்ற ஊரின் ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், டெண்டர்டன் போகும் பஸ் ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் கிளம்பியிருந்தது. அட்டவணையைப் பார்த்தேன், அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தால் பாதி நாள் அங்கேயே போய்விடும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு டாக்ஸியில் ஏறினேன். டிரைவர் தாத்தா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "திராட்சைத் தோட்டத்துக்கா, நடிகை வீட்டுக்கா?" என்று கேட்டார். இந்தச் சாலையில் வெளியூர்க்காரர் வர இரண்டே காரணங்கள்தானாம். நடிகை வீட்டுக்கு என்றேன்.

நடிகை எலன் டெர்ரி. 1847-இல் பிறந்தவர். ஒன்பது வயதில் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் குட்டி இளவரசனாக மேடை ஏறினார். 1878-இல் லண்டன் லைசியம் தியேட்டரில் நடிகர் ஹென்றி இர்விங்குடன் சேர்ந்தார், அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஜோடியைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது. நடிகராக முதன்முதலில் 'சர்' பட்டம் வாங்கியவர் இர்விங், 1895-இல். அந்தத் தியேட்டரின் கணக்கு வழக்கையும் கடிதப் போக்குவரத்தையும் பார்த்துக்கொண்டவர் பிராம் ஸ்டோக்கர். ஆமாம், டிராகுலா எழுதிய அதே ஆள்தான்.

ஆனால் என்னை இந்தக் கென்ட் கிராமம் வரை இழுத்து வந்தது இர்விங் இல்லை. எலனும் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷாவும் எழுதிக்கொண்ட கடிதங்கள். போன குளிர்காலம் முழுக்க அவற்றைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அவற்றை எழுதியவர் வாழ்ந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை.

கிராமத்தின் பெயர் ஸ்மால்ஹைத். அது ஒரு காலத்தில் துறைமுகம், கப்பல் கட்டிய ஊர் என்றால் நம்ப முடியாது. இப்போது ஒரு வாய்க்காலும் செம்மறி ஆடுகளும்தான். 1514-இல் ஊரே தீப்பிடித்து எரிந்த பிறகு கட்டிய மரச்சட்ட வீடு இது. உள்ளே தரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, நடந்தால் படகில் நிற்பதுபோல இருக்கிறது. இர்விங்குடன் வண்டியில் போனபோது இந்த வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டாராம் எலன். விலைக்கு வந்தால் சொல்லுங்கள் என்று அங்கிருந்தவரிடம் சொல்லிவிட்டுப் போக, சில வருடம் கழித்து 'வீடு விற்பனைக்கு' என்று ஒரு தபால் கார்டு வந்ததாகச் சொல்வார்கள். 1899-இல் வாங்கினார். 1928 ஜூலை 21-இல் இதே வீட்டில் இறந்தார்.

கண்ணாடிப் பெட்டிகளில் அவருடைய நட்பு வட்டம் சின்னச் சின்னப் பொருட்களாகக் கிடக்கிறது. இசையமைப்பாளர் ஆர்தர் சல்லிவனின் ஒற்றைக் கண்ணாடி, பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமாவின் விசிட்டிங் கார்டு, தன் முதல் நாடகத்தின் பிரதியை ஏற்றுக்கொள்ளும்படி எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் கெஞ்சி எழுதிய கடிதம். வைல்டும் யாரிடமாவது கெஞ்சியிருக்கிறார் என்பதே எனக்கு ஒரு சந்தோஷம்.

அடுத்த அறையில் கால் அப்படியே நின்றுவிட்டது.

1888-இல் ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தில் லேடி மேக்பெத்தாக நடித்தபோது அவர் அணிந்த உடை அது. பச்சை கம்பளி நூலும் நீல ஜரிகையும் கலந்து பின்னியது. பாம்புச் செதில் போலவும் போர்க் கவசம் போலவும் தெரிய வேண்டும் என்று, ஆயிரம் வண்டு இறகுகளை அதன் மேல் தைத்திருக்கிறார்கள். வடிவமைத்தவர் ஆலிஸ் காமின்ஸ் கார். அட்டையில் 'வண்டு' என்று பொதுவாகப் போட்டிருந்தது. எனக்கு அட்டை தேவைப்படவில்லை. பொன்வண்டு! தீப்பெட்டிக்குள் கொடுக்காப்புளி இலை போட்டு வளர்த்து, முட்டை போட்டதா என்று பள்ளியில் பெஞ்சுக்குக் கீழே திறந்து திறந்து பார்த்த அதே பச்சை மினுமினுப்பு. அந்தக் காலத்தில் மெட்ராஸ், ஐதராபாத், கல்கத்தாவிலிருந்தெல்லாம் மஸ்லின் துணியில் பொன்வண்டு ஓடு தைத்து சீமைக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே அது பெரிய வீட்டுப் பெண்களின் ஃபேஷன். இந்த உடைக்கும் யோசனை ஒரு சீமாட்டியின் கவுனிலிருந்துதான் வந்தது. நூல் நைந்து, ஓடுகள் உடைந்து கிடந்ததைச் சரிசெய்ய 1300 மணி நேரம் பிடித்ததாம்.

கணவனுக்கும் வேலைக்காரர்களுக்கும் உள்ளூர்த் துணி வாங்கிக் கொடுத்துவிட்டு, தனக்கு மட்டும் பைசாண்டியத்தில் போய் வாங்குகிறாள் இந்த லேடி மேக்பெத் என்று வைல்ட் கிண்டலடித்தார்.

சரி, ஷாவுக்கு வருவோம். 1892-இல் தனக்குத் தெரிந்த ஒருவரின் பாட்டுத் திறமையைப் பற்றி விசாரித்து ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எலன் எழுதினார். பதில் அந்தப் பத்திரிகையின் இசை விமர்சகரிடமிருந்து வந்தது. அவர்தான் ஷா. அப்புறம் மளமளவென்று கடிதங்கள். 1896-இல் ஷேக்ஸ்பியரின் 'சிம்பலின்' நாடகத்தில் எலன் இமோஜனாக நடிக்கத் தயாரானபோது, தலையில்லாத உடலுக்குப் பக்கத்தில் கண் விழிக்கும் காட்சியை எப்படி நடிக்க வேண்டும் என்று ஷா பக்கம் பக்கமாக எழுதினார். நாற்பது வருட மேடை அனுபவம் உள்ளவருக்கு! எலன் கோபப்படவில்லை, எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொண்டார். பச்சைக் கண் ஐரிஷ் பணக்காரி சார்லட் பற்றியும் ஷா இவரிடம்தான் புலம்பினார். 1898-இல் அந்தச் சார்லட்டையே கல்யாணம் செய்துகொண்டார்.

இத்தனைக்கும் இருவரும் ஒரே ஊரில் இருந்தார்கள், சந்திக்கவில்லை. எலனின் நாடகங்களுக்கு ஷா வந்து உட்கார்ந்தார். எலன் திரையில் இருந்த ஓட்டை வழியாக அவரை எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான். 1900 டிசம்பரில்தான் முதல் தடவை நேருக்கு நேர் பேசினார்கள். அதன் பிறகு கடிதங்களின் சூடு குறைந்தது. மனிதகுலம் அடைந்த அழகும் உண்மையும் நிலையான காதலும் காகிதத்தில் மட்டும்தான் என்று ஷா பின்னாளில் எழுதினார். எனக்கென்னவோ அது ஒரு பயந்த மனிதரின் சமாளிப்பாகத்தான் படுகிறது. எலன் பாவம், நடுவில் மாட்டிக்கொண்டவர். ஷாவின் விமர்சனம் இர்விங்கைச் சீண்ட, இர்விங் ஷாவின் நாடகத்தைத் திருப்பி அனுப்ப, இரண்டு பக்கமும் சமாதானம் பேசியவர் இவர்தான்.

மாடியில் ஒரு புகைப்படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். 1864-இல், பதினேழு வயது நிரம்பச் சில நாட்களே இருந்தபோது, தன்னைவிட முப்பது வயது மூத்த ஓவியர் வாட்ஸைக் கட்டிக்கொண்ட புதிதில் எடுத்தது. சுவரில் சாய்ந்து, கழுத்து மாலையை விரலால் பிடித்தபடி நிற்கும் பெண். அந்தக் கல்யாணம் ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை என்பது படத்திலேயே தெரிகிறது. எடுத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் பிறந்த அவருடைய கல்லறை இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவையில் இருக்கிறது.

பக்கத்துக் கொட்டகையை மகள் எடித் கிரெய்க் அம்மா நினைவாக நாடக அரங்காக மாற்றினார், அங்கே இன்றும் நாடகம் நடக்கிறது. அன்று கதவு பூட்டியிருந்தது.

கிளம்பும்போது வாசலில் இருந்த தன்னார்வல அம்மாவிடம், ஷாவின் கடிதங்கள் எந்த அறையில் என்று கேட்டேன்.

"இங்கே இல்லையே, கண்ணு. அதெல்லாம் லண்டன்ல, பிரிட்டிஷ் லைப்ரரியில."

பிரிட்டிஷ் லைப்ரரி செயின்ட் பாங்கிராஸ் ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிறது. காலையில் கையில் காபியோடு அதன் வாசலைத் தாண்டித்தான் ரயிலைப் பிடிக்க ஓடினேன்.