குடல் இணைப்பு சிஎஃப்டி புராஜெக்ட்: வைவாவுக்கு முன் கைக்கணக்கு

எம்.இ. ரிசல்ட் வந்துவிட்டது, நிம்மதி. சேலம் கருப்பூர் பக்கம் அடுத்த செட்டிலும் சிலர் இதே தலைப்பை (அறுவையில் குடலை வெட்டி இணைத்த இடத்தில் உணவுக் கரைசல் எப்படி ஓடும் என்று கணினியில் கணக்கிடுவது, அதுதான் சிஎஃப்டி) எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால் சூட்டோடு சூடாக எழுதுகிறேன். ஃபேஸ் ஒன், ஃபேஸ் டூ, ரிவ்யூ முறையெல்லாம் உங்களுக்கே தெரியும்.

வைவாவில் காப்பாற்றுவது கைக்கணக்கு ஒன்றுதான். "இணைப்பே இல்லாத நேர்க் குழாய்க்கு அழுத்த இழப்பு எவ்வளவு வரும்?" என்ற கேள்விக்குத் திணறினால், அதன் பிறகு எத்தனை கலர் கான்டூர் (வேகம், அழுத்தம் காட்டும் வண்ணப் படம்) காட்டியும் பயனில்லை. சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன்பே இதைப் போட்டு வையுங்கள்.

சிறுகுடல் விட்டம் 25 மி.மீ., சராசரி வேகம் விநாடிக்கு 2 செ.மீ., அடர்த்தி கன மீட்டருக்கு 1000 கிலோ, பாகுநிலை 0.01 பாஸ்கல்-விநாடி என்று வைத்தால் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று காட்டுவது) 50. கொந்தளிப்பு தொடங்கும் 2300 எங்கே, 50 எங்கே! லாமினர், அதாவது சீரான ஓட்டம், போதும். கே-எப்சிலான் என்ற கொந்தளிப்பு மாடலைப் போட்டால் இல்லாத பாகுநிலை வந்து சேர்ந்து, நீங்கள் தேடும் சுழல் பகுதியே மங்கிப்போகும். அழுத்த இழப்பு மீட்டருக்கு 10.24 பாஸ்கல், 20 செ.மீ. மாடலுக்கு 2.05. ஓட்டம் முழுமையாக வளர 7.5 செ.மீ. வேண்டும். இன்லெட்டில் சம வேகம் கொடுத்துவிட்டு 3 செ.மீ. தள்ளி இணைப்பை வைத்தால், தெரிவது இணைப்பின் விளைவா நுழைவின் விளைவா என்று பிரிக்க முடியாது. நீளத்தைக் கூட்டுங்கள், அல்லது பரவளைய வேகத்தை நேராகக் கொடுங்கள்.

அதே ஓட்ட அளவில் விட்டம் பாதியானால் மீட்டருக்கான அழுத்த இழப்பு 16 மடங்கு, சுவர் உராய்வுத் தகைவு 8 மடங்கு, ரெனால்ட்ஸ் எண் 100. இது நீண்ட குழாய்க்கு மட்டும். குறுகல் சில மி.மீ. தான் என்றால், விரியும் இடத்து இழப்பு தனியாகச் சேரும்.

ஓபன்ஃபோம் (இலவச சிஎஃப்டி சாஃப்ட்வேர்) ஆட்களுக்கு ஒன்று. அதன் இன்கம்ப்ரசிபிள் (அடர்த்தி மாறாத ஓட்டத்துக்கான) சால்வர்களில் அழுத்தம் ஏற்கெனவே அடர்த்தியால் வகுபட்டது. 2.05 பாஸ்கல் அங்கே 0.00205 என்று தெரியும். பவர் லா மாடலில் (ஓட்டத்தின் வேகத்தோடு பாகுநிலை மாறும் திரவத்துக்கானது) தரும் கே மதிப்பையும் அடர்த்தியால் வகுத்தே தர வேண்டும். மறந்தால் விடை ஆயிரம் மடங்கு பிசகும், ஆனால் படம் அழகாகவே இருக்கும். கைக்கணக்கு இருந்தால்தான் இது பிடிபடும்.

குடல் உணவுக் கரைசல் கேழ்வரகுக் கூழ் மாதிரி, கலக்கக் கலக்க இளகும். பவர் லா எடுத்தால் அதற்கும் சரிபார்ப்பு உண்டு: உச்ச வேகம் வகுத்தல் சராசரி வேகம் = (3n+1)/(n+1), n என்பது பவர் லா அடுக்கு. n = 0.5 என்றால் 1.67 வர வேண்டும். 2 வந்தால் மாடல் ஆன் ஆகவே இல்லை.

மற்றவை சுருக்கமாக:
- மெஷ் (குழாயைச் சிறு கட்டங்களாகப் பிரிப்பது) மூன்று அளவில். அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையே குறைந்தது 1.3 மடங்கு. ஒப்பிட வேண்டியது சுவர்த் தகைவை. வேகம் சீக்கிரம் நிலைத்துவிடும், தகைவு நிலைக்காது.
- சுவரோரம் பிரிஸம் அடுக்கு (மெல்லிய கட்ட வரிசை) கட்டாயம்.
- சுழல் அவுட்லெட்டைத் தொட்டால் பின்னோட்ட எச்சரிக்கை வரும். வெளிக் குழாயை நீட்டுங்கள்.
- குடலை இணைக்கும் வட்ட ஸ்டேப்ளர் கருவியில் 29 மி.மீ. என்பது வெளி விட்டம். கத்தி வெட்டும் துளை அதைவிடச் சிறியது. ஜியாமெட்ரியில் 29 போட்டால் சர்ஜன் உடனே பிடித்துவிடுவார்.

ஸ்டெடி (நேரத்தோடு மாறாத ஓட்டம்) எடுத்ததற்குக் காரணம் கேட்பார்கள். டியோடினத்தில் (சிறுகுடலின் முதல் பகுதி) நிமிடத்துக்கு 12 சுருக்க அலை. மேலே உள்ள எண்களுக்கு வோமர்ஸ்லி எண் (அலையின் வேகத்துக்கு ஓட்டம் ஈடுகொடுக்குமா என்று காட்டுவது) 4.4. ஒன்றைவிட அதிகம் என்பதால் "அலை மெதுவானது சார்" என்ற பதில் செல்லாது. டிரான்சியன்ட் (நேரத்தோடு மாறும் கணக்கு) ஓட்டுங்கள், அல்லது ஒப்பீட்டுக்காக மட்டும் ஸ்டெடி என்று ரிப்போர்ட்டிலேயே எழுதுங்கள்.

இன்னொன்று பயிற்சிக்கு: ஏற்காடு சேலத்தைவிட கிட்டத்தட்ட 1200 மீட்டர் உயரம், வளிமண்டல அழுத்தம் குறைவு. உங்கள் விடை மாறுமா? மாறாது. சமன்பாட்டில் இருப்பது அழுத்தச் சரிவு மட்டுமே. ரெஃபரன்ஸ் அழுத்தம் எதுவானாலும் ஓட்டம் அதேதான்.

மருத்துவர் யாராவது எதிரே இருந்தால், "இந்த இணைப்பு கசியாது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கசிவைப் பெரிதும் தீர்மானிப்பவை ரத்த ஓட்டம், இழுவிசை, நோயாளியின் உடல்நிலை. உங்கள் மாடலில் அவை எதுவுமே கிடையாது. பக்கத்தோடு பக்கம் இணைக்கும்போது மூடிய முனைகளில் தேக்கம் எவ்வளவு, முனையோடு முனை இணைப்பைவிட அழுத்த இழப்பு எவ்வளவு வேறுபடுகிறது, இந்த இரண்டையும் எண்ணோடு சொல்லுங்கள். சுவரை அசையாததாக எடுத்திருந்தால் அதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். பக்கவாட்டில் நீளவாக்கில் வெட்டும்போது வட்டத் தசை அறுபடுவதால், அந்த இடத்தில் அலை எப்படிப் போகும் என்பதே அவர்களின் அடுத்த கேள்வி.