சொன்ன தேதி, வந்த தேதி

மாதத்துக்கு ஒருவராவது வந்துவிடுகிறார்கள். பெருங்குடியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. பேச்சு அங்கேதான் நடக்கும். "அண்ணா, நீங்கள் சொந்தமாகக் கம்பெனி நடத்தியவர் என்று கேள்விப்பட்டேன்" என்று தொடங்குவார்கள். நடத்தியவர் என்பது மரியாதைக்குச் சொல்வது. மூன்றே முக்கால் ஆண்டு நடத்தி மூடியவன் என்பதுதான் சரி. அது தெரிந்தேதான் வருகிறார்கள் என்று நினைக்கிறேன். ஜெயித்தவர்களைப் பார்க்க நேரம் வாங்க முடியாது. என்னைப் பார்க்க ஒரு டீ போதும்.

2021 செப்டம்பரில், சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் நுழைந்தபோது இந்த வரத்து சட்டென்று கூடியது. 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் டிவி கதை மனப்பாடமாக இருந்தது. ஃப்ரெஷ்வொர்க்ஸைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது டிவி வழியில் உடைந்துவிட்டது; நஷ்டஈடு கேட்டு மாதக்கணக்கில் அலைந்தார்; கடைசியில் இணையத்தில் எழுதியதும் பணம் வந்தது; வாடிக்கையாளர் சேவை மென்பொருளுக்கான பொறி அதில் கிடைத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2010இல் அவர் தொழில் தொடங்குவதற்கு முன் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தில் இருந்தார், அங்கே இதே ஜாதி மென்பொருள்களைத்தான் உருவாக்கினார், விற்றார் என்பதைக் கதை சொல்கிறவர்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். டிவி எல்லோர் வீட்டிலும்தான் உடைகிறது. உடைந்த டிவியைப் பார்த்தவுடன் எதைச் செய்ய வேண்டும், அதை யார் என்ன விலைக்கு வாங்குவார்கள் என்று தெரிவதற்கு அந்த ஒன்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஜோஹோ கதையையும் இப்படித்தான் பாதியில் கேட்கிறார்கள். முதலீட்டாளரிடம் கை நீட்டாத நிறுவனம் என்பது எல்லோருக்கும் தெரியும். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் அது தொலைத்தொடர்புக் கருவி செய்யும் கம்பெனிகளுக்கு மென்பொருள் விற்றுக்கொண்டிருந்தது, 2001 சரிவில் அந்த வாடிக்கையாளர்கள் பலர் காணாமல் போனார்கள், பிறகுதான் வேறு சரக்குக்கு மாறியது என்பதைச் சொன்னால் பையன்கள் முகத்தில் சலிப்பு தட்டுகிறது. அவர்கள் கேட்க வந்தது இதை இல்லை.

நானும் அப்படி வந்தவன்தான். 2015 ஜூலையில் நானும் என் நண்பனும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியைப் பதிவு செய்தோம். 1 லட்ச ரூபாயாவது மூலதனம் காட்ட வேண்டும் என்ற விதியை அந்த ஆண்டுதான் எடுத்திருந்தார்கள்; அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டோம். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு மாடி அறை, வாடகைக்கு. இரும்பைக் கடையும் சிறிய லேத் பட்டறைகளில் எந்த மெஷினில் எந்த ஜாப், அதாவது எந்த ஆர்டர் வேலை, ஓடுகிறது, எப்போது முடியும் என்று கணினியில் காட்டும் மென்பொருள் எங்களுடையது. நடந்து போகிற தூரத்தில் கிண்டி தொழிற்பேட்டை. 1958இல் தொடங்கியது. ஒலிம்பியா டெக் பார்க்கின் கண்ணாடிச் சுவரிலிருந்து கொஞ்சம் நடந்தால் தகரக் கூரையும் கூலன்ட் வாசனையும் தொடங்கிவிடும். வாடிக்கையாளர்கள் காலடியிலேயே இருப்பதாக எங்களுக்குப் பெருமை.

முதலில் போனது ஒரு பெரியவரின் பட்டறைக்கு. நான்கு பழைய லேத்துகள், கணினியால் இயங்கும் சிஎன்சி மெஷின் ஒன்று. தரையில் சுருள் சுருளாக இரும்புச் சீவல். நாங்கள் மடிக்கணினியைத் திறந்து அரை மணி நேரம் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தம்பி, எந்த மெஷினில் எந்த ஜாப் ஓடுகிறது என்று எனக்குச் சத்தத்தை வைத்தே தெரியும். அதைத் திரையில் பார்த்து என்ன செய்யப் போகிறேன்?" என்றார். மேஜை இழுப்பறையிலிருந்து சிவப்பு அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே 'லாபம்'. உள்ளே பார்ட்டி பெயர், பில் எண், தொகை. அதற்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட இரண்டு கட்டங்கள். ஒன்றின் தலையில் 'சொன்ன தேதி', மற்றதில் 'வந்த தேதி'.

"பணம் தருகிறேன் என்று பார்ட்டி சொன்ன தேதி இது. கைக்கு வந்த தேதி இது. இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று பார்த்துத்தான் அடுத்த ஜாப்புக்கு விலை சொல்வேன். சொன்ன நாளில் தருபவனுக்கு ஒரு ரேட். இழுப்பவனுக்கு வட்டியையும் சேர்த்து ஒரு ரேட். அவனுக்கு அது தெரியாது" என்று சிரித்தார். "இந்த இரண்டு கட்டமும் உங்கள் கம்ப்யூட்டரில் வருமா?"

"அது அக்கவுன்ட்ஸ் சமாசாரம் ஐயா. எங்களுடையது வேறு" என்றேன்.

இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. எங்கள் சரக்கு எதுவாக இருந்திருக்க வேண்டும் என்று முதல் நாளிலேயே, காசு வாங்காமல், ஒருவர் சொல்லியிருக்கிறார். நாங்கள் மடிக்கணினியை மூடிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போனோம். அங்கேயும் அதே அரை மணி நேரம்.

டிசம்பரில் வெள்ளம் வந்தது. அடையாற்றுத் தண்ணீர் ஈக்காட்டுத்தாங்கலுக்குள் புகுந்தது. நாங்கள் மாடியில் இருந்ததால் பிழைத்தோம், பட்டறைகள் தப்பவில்லை. பத்து நாள் கழித்துப் பெரியவரைப் பார்க்கப் போனபோது மோட்டார்களையெல்லாம் புதிதாகக் கம்பிச் சுருள் கட்டக் கொடுத்திருந்தார். லேத்துகளின் மேல் செம்மண் நிறத்தில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. நோட்டு மட்டும் பத்திரமாக இருந்தது. தண்ணீர் ஏறுகிறது என்றதும் முதலில் அதைத்தான் பாலித்தீன் பையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்து வந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், டிசம்பரில் வர்தா புயல், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி. நாங்கள் தோற்றதற்கு இவற்றைக் காரணம் காட்டலாம். பலமுறை காட்டியும் இருக்கிறேன், குறிப்பாக உறவினர் வீட்டுக் கல்யாணங்களில். உண்மையில் எங்களை உட்கார வைத்தது ஒரே ஒரு பில்.

ஒரு பெரிய நிறுவனம், பெயர் வேண்டாம். அவர்களுடைய உதிரிபாகக் கிடங்குக்கு ஒரு மென்பொருள் செய்து கொடுத்தோம். 2018 ஜனவரியில் 4 லட்ச ரூபாய்க்கு பில் போட்டோம். 18 சதவீத ஜிஎஸ்டி 72,000 ரூபாய் அதற்கு மேல். பலருக்குத் தெரியாதது இதுதான்: பில் போட்டுவிட்டால், பார்ட்டி பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டும். கையில் வராத பணத்துக்கு நாங்கள் 72,000 ரூபாய் கட்டினோம். என் அம்மாவின் வளையல்கள் அந்த மாதம் அடகுக் கடைக்குப் போயின. பில்லுக்கான பணம் டிசம்பரில் வந்தது. பணம் தருபவர்களே முன்கூட்டிப் பிடித்துக்கொள்ளும் வருமான வரியான டிடிஎஸ் 10 சதவீதம், 40,000 ரூபாய், போக 4,32,000. அந்த 40,000ஐ வருமான வரிக் கணக்கில்தான் சரிசெய்துகொள்ள வேண்டும். நாங்கள் ஏற்கெனவே கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்தால் கைக்கு மிஞ்சியது 3,60,000. அந்தப் பதினொரு மாதமும் அவர்களுடைய கணக்குப் பிரிவில் ஒரு அம்மையார் தொலைபேசியில் மிக இனிமையாக "அடுத்த வாரம் ஆகிவிடும் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரல் இன்னும் நினைவிருக்கிறது. அவர் மீது கோபம் இல்லை.

சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. புகார் செய்ய 2017இலேயே சமாதான் என்ற இணைய வசதியும் வந்துவிட்டது. எங்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் புகார் செய்தால் அடுத்த ஆர்டர் வராதே என்று பயம். அடுத்த ஆர்டர் எப்படியும் வரவில்லை என்பது தனிக்கதை. இப்போது கொஞ்சம் பரவாயில்லை: 2024 ஏப்ரல் முதல், குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி, பணத்தைத் தரும்வரை அந்தத் தொகையைச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது. அதனால் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம் வந்தால் கணக்குப் பிரிவுகளுக்குத் திடீரென்று நம் நினைவு வருகிறது. குறு, சிறு நிறுவனம் என்பதற்கான உத்யம் பதிவு எண்ணை பில்லில் அச்சடித்துவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். காசு செலவில்லாத வேலை. செய்கிறவர்கள் மிகக் குறைவு.

டீக்கடையில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் வேறு: எந்தப் புத்தகம் படிக்கலாம், யார் பேச்சைக் கேட்கலாம், முதலீட்டாளர் முன்னால் எப்படிப் பேசுவது. ஒரு பெண், நல்ல கெட்டிக்காரி, வேலையை அடுத்த மாதம் விடப்போவதாகச் சொன்னாள். சமையல்கூடங்களுக்கு மளிகைக் கணக்குப் பார்க்கும் செயலி. "உனக்கு இதுவரை பணம் கொடுத்தது யார்?" என்று கேட்டேன். "எல்லோருக்கும் பிடித்திருக்கிறது அண்ணா" என்றாள். பிடித்ததைக் கேட்கவில்லை, கொடுத்ததைக் கேட்டேன் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. இரண்டு மாதம் கழித்து வந்து, மயிலாப்பூரில் ஒரு மெஸ் முதலாளி மாதம் 300 ரூபாய் தருகிறார் என்றாள். வேலையை இன்னும் விடவில்லை. அந்த 300 ரூபாயைப் பற்றி இருபது நிமிடம் பேசினோம். என்றைக்குத் தருகிறார், யார் கையால் தருகிறார், கேட்டால் தருகிறாரா கேட்காமலே தருகிறாரா. புதிய தொழில்களுக்கான தமிழ்நாடு அரசின் டான்சீட் திட்டத்தில் நிதி கிடைக்குமே என்றாள். தாராளமாக விண்ணப்பம் போடு, ஆனால் நிதி தருவதாக வரும் கடிதத்தை விற்பனை என்று எண்ணிவிடாதே என்றேன்.

எல்லோருக்கும் இதே அளவுகோல் பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். தரமணியில் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் வேலை பார்க்கும் ஒரு பையன் என்னை மடக்கினான். அக்னிகுல் என்ற ராக்கெட் நிறுவனம் 2017இல் தொடங்கி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட்டை 2024 மே 30இல்தான் விட்டது, அதுவும் பலமுறை தள்ளிப்போய். அவர்களிடம் போய் முதல் மாத வசூல் எங்கே என்று கேட்பீர்களா என்றான். கேட்க மாட்டேன். ராக்கெட் செய்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் செய்வது ராக்கெட் அல்ல, செயலி.

நண்பனைப் பற்றியும் கேட்பார்கள். இன்றும் நண்பன்தான், மூடும்போது கடனைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம். மூடுவதும் லேசில்லை. கடையை அடைத்த பிறகும் ஆண்டுக் கணக்குப் படிவங்களைத் தாக்கல் செய்யாவிட்டால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே இருக்கும். கம்பெனியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கட்டணம் மட்டுமே 10,000 ரூபாய்.

போன ஆண்டு ஆயுத பூஜைக்குப் பெரியவர் பட்டறைக்குப் போயிருந்தேன். வாசலில் வாழைக்கன்று, லேத்துகளுக்குச் சந்தனம் குங்குமம், உடைத்த பூசணிக்காய் தெருவில் சிவந்து கிடந்தது. அவருடைய மகள்தான் இப்போது முதலாளி. சிஎன்சி மூன்றாகிவிட்டது. கணக்கெல்லாம் கணினியில். பொரிகடலைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணா, உங்கள் பேரும் நோட்டில் இருக்கிறது, தெரியுமா?" என்றாள்.

பூஜையில் வைத்திருந்த பழைய நோட்டுகளில் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். 2018 அக்டோபரில் சம்பளம் போடப் பணமில்லாமல் பெரியவரிடம் 50,000 ரூபாய் கைமாற்று வாங்கியிருந்தேன். அந்தப் பெரிய கம்பெனி தீபாவளிக்குள் பணம் தருவதாகச் சொன்னதை நம்பி நானும் அவரிடம் தீபாவளி என்று சொல்லியிருந்தேன். டிசம்பரில் வந்த பணம் சம்பள பாக்கிக்கும் வாடகைக்கும் போய்விட்டது. ஏப்ரலில் மடிக்கணினிகளையும் ஏசியையும் விற்றுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. என் பெயர். சொன்ன தேதி, 6.11.2018. வந்த தேதி, 12.4.2019.

பெரியவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வட்டி கேட்டதில்லை, ஒருநாளும் போன் செய்ததில்லை. நோட்டை எட்டிப் பார்த்தார். "நீ நல்ல பையன் தம்பி. நல்ல பார்ட்டி இல்லை" என்றார்.