12,000 குடைகளும் ஒரே ஒரு மெயில் ஐடியும்

நான்கு மாதமாக எழுதிக்கொண்டிருந்த மெயில் கதை போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரை மெயிலும் வாட்ஸ்அப்பும் மட்டும்தான். "என்றான்", "என்றாள்" ஓரிடத்தில்கூடக் கிடையாது. எழுதும்போது தெரிந்துகொண்டதை இங்கே போட்டு வைக்கிறேன். தமிழில் இப்படி அலுவலகச் சிரிப்புக் கதைகள் இன்னும் நிறைய வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

வீடு தண்டையார்பேட்டை. வேலை பாரிமுனையில், லிங்கிச் செட்டித் தெரு பக்கம் ஒரு கிளியரிங் அலுவலகம், இறக்குமதிச் சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து வெளியே எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். டாக்குமென்டேஷன் என் பொறுப்பு. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங் வந்ததும் செக்லிஸ்ட் போடுவேன். பார்ட்டி, அதாவது சரக்குக்காரர், ஓகே சொன்ன பிறகு கஸ்டம்ஸுக்கான பில் ஆஃப் என்ட்ரி ஃபைல் ஆகும். பதினான்கு வருடமாக இதே வேலை.

எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கொரு மெயில் ஐடி கிடையாது. டாக்ஸ் (டாக்குமென்ட்ஸ்), ஆப்ஸ் (ஆபரேஷன்ஸ்), அக்கவுன்ட்ஸ் என்று மூன்றுதான். டாக்ஸ் ஐடியில் மூன்று பேர் உட்கார்ந்து தட்டுவோம். கீழே பெயர் போட்டால் உண்டு, போடாவிட்டால் இல்லை. ஆனாலும் ஒரு வரி படித்தால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். "டியர் சார், குட் டே" என்று தொடங்கி "ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்" என்று முடிந்தால் சீனியர் அண்ணன். எடுத்ததுமே கன்டெய்னர் நம்பர், நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும், வந்தால் அது நான். வணக்கமும் இல்லாமல் நன்றியும் இல்லாமல் விஷயம் மட்டும் இருந்தால் போன வருடம் சேர்ந்த பெண். அவள் எழுதும் மெயிலில் ஒரு சொல் அதிகமாக இருக்காது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

இந்த ஒரே ஐடியிலிருந்துதான் கதை கிளம்பியது. அனுப்புகிறவரின் பெயரே தெரியாதபோது, எழுதும் விதத்தை வைத்து வாசகர் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிக் கண்டுபிடித்துவிட்டால் அந்த ஆள் அவருக்குச் சொந்தமாகிவிடுவார்.

இந்த வகைக்கு வெளிநாட்டில் நல்ல முன்னோடி உண்டு. மேட் போமான்ட் 2000-இல் எழுதிய 'இ' என்ற நாவல். லண்டன் விளம்பர அலுவலகம் ஒன்றின் மெயில்கள்தான் முழுப் புத்தகமும். தலைவர் அனுப்பும் மெயில்கள் கோளாறாகி ஹெல்சிங்கி கிளைக்குப் போய்க்கொண்டே இருக்கும். மெயில் தப்பான இடத்துக்குப் போவதிலேயே ஒரு கதை ஓடும் என்று நான் கற்றுக்கொண்டது அதில்தான். ஆனால் கடிதத்திலேயே கதை சொல்வது நமக்குப் புதிதில்லை. மறைமலையடிகள் 1921-லேயே 'கோகிலாம்பாள் கடிதங்கள்' எழுதிவிட்டார். அவர் கிறித்தவக் கல்லூரியில் 1911 வரை தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அந்தக் கல்லூரி 1937-இல் தாம்பரம் போகும் முன் இங்கே ஜார்ஜ் டவுனில்தான், ஹைகோர்ட் பக்கம் இருந்தது. மதியம் டீ குடிக்க நான் நடக்கும் தூரம். அதை நினைத்தாலே எனக்கு ஒரு தெம்பு வரும்.

அப்பா செகண்ட் லைன் பீச் தெருவில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட்டிடம் டைப்பிஸ்ட்டாக இருந்தார். மெஷினில் தாள், கார்பன், தாள், கார்பன் என்று அடுக்கிச் செருகுவார். அடியில் போகும் காப்பி மங்கலாக விழும், ஃபைலுக்குப் போவது அதுதான். மெயிலில் உள்ள சிசி அந்தக் கார்பன் காப்பிதான் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கதையில் யாரை 'டூ'வில் போடுவது, யாரைச் சிசியில் போடுவது என்று யோசிக்கும்போதெல்லாம் அப்பாவின் விரலில் ஒட்டியிருந்த நீல மை ஞாபகம் வரும். நேற்றுவரை 'டூ'வில் இருந்தவரை இன்று சிசிக்கு இறக்கினால் அலுவலகத்தில் அது பெரிய விஷயம். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் அடுத்த மெயிலில் "ரிகார்ட்ஸ்" சுருங்கிவிடும்.

மொழிதான் என்னை ரொம்ப நாள் அலைக்கழித்தது. நாங்கள் மெயில் எழுதுவது இங்கிலீஷில், பேசுவது தமிழில், வாட்ஸ்அப்பில் இரண்டையும் கலந்து. "டூ தி நீட்ஃபுல்" என்பதற்கு "ஆவன செய்யவும்" என்று தமிழில் கச்சிதமான சொல் இருக்கிறது. போட்டுப் பார்த்தேன். தாலுகா ஆபீஸ் கடிதம் மாதிரி ஆகிவிட்டது, லிங்கிச் செட்டித் தெரு காணாமல் போய்விட்டது. அப்புறம் விஷயத்தைத் தமிழில் எழுதி, மரியாதைச் சொற்களை மட்டும் அண்ணன் சொல்கிற மாதிரியே விட்டுவிட்டேன். மரியாதையை இங்கிலீஷில் போர்த்திக்கொள்வதுதான் எங்கள் வழக்கம், கதையிலும் அது அப்படியே இருக்கட்டும்.

சரி, கதை. ஒரு பார்ட்டி மழைக்காலத்துக்கு முன்னால் விற்க 12,000 குடைகள் இறக்குமதி செய்கிறார். கஸ்டம்ஸ் டாரிஃபில் குடை 66-ஆம் அத்தியாயம், கைத்தடியும் சாட்டையும்கூட அதே அத்தியாயத்தில்தான். கன்டெய்னர் மணலியில் ஒரு சிஎஃப்எஸ்ஸில், அதாவது கன்டெய்னர் கிடங்கில், நிற்கிறது. கஸ்டம்ஸ் திறந்து பார்க்கும் எக்ஸாமினேஷனுக்கு விழுந்துவிட்டது. அக்டோபர் வந்துவிட்டது. ஒரு பகுதியைக் காட்டுகிறேன். அதில் வரும் 'அவுட் ஆஃப் சார்ஜ்', சரக்கை வெளியே எடுக்கக் கஸ்டம்ஸ் தரும் உத்தரவு.

10:14, பார்ட்டியிடமிருந்து டாக்ஸுக்கு: "குடை எப்போது வரும்? சௌகார்பேட்டையிலிருந்து போன் மேல் போன்."

10:16, டாக்ஸிலிருந்து பார்ட்டிக்கு: "டியர் சார், குட் டே. நாளை காலை அவுட் ஆஃப் சார்ஜ் எதிர்பார்க்கிறோம். தேங்கிங் யூ."

10:17, டாக்ஸிலிருந்து பார்ட்டிக்கு: "எக்ஸாமினேஷனே நாளைக்குத்தான். அவுட் ஆஃப் சார்ஜ் அதற்கு அப்புறம்."

10:21, பார்ட்டியிடமிருந்து டாக்ஸுக்கு: "உங்கள் ஆபீசில் யார் சொல்வதை நான் கேட்பது?"

10:22, டாக்ஸிலிருந்து பார்ட்டிக்கு: "டியர் சார், டாக்ஸ் சொல்வதைக் கேட்கவும்."

10:16-க்கும் 10:17-க்கும் நடுவில் ஒரு நிமிடம் இருக்கிறது பாருங்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் ஏறிட்டுப் பார்க்காமல் பார்ட்டிக்கு எழுதுகிறார்கள். விவரித்து எழுதியிருந்தால் ஒரு பத்தி ஆகியிருக்கும், சிரிப்பும் போயிருக்கும். இந்த வகைக் கதையில் நேரம்தான் முகபாவம். இரவு 11:48-க்கு வரும் "நோட்டட்" வேறு, காலை 10 மணி "நோட்டட்" வேறு.

அடுத்தது, மெயிலைத் திரும்பப் பெறுகிற வசதி. அவுட்லுக்கில் ரீகால் என்று ஒன்று உண்டு. அதே நிறுவனத்துக்குள் என்றால் வேலை செய்யலாம். வெளியாளுக்குப் போன மெயில் போனதுதான். அவர் இன்பாக்ஸில் அந்த மெயில் அப்படியே இருக்கும், "அனுப்பியவர் இதைத் திரும்பப் பெற விரும்புகிறார்" என்று இன்னொரு மெயில் போய்ச் சேர்வதும் உண்டு. கதையில் அண்ணன் ஆப்ஸுக்கு எழுதியது, ரிப்ளை ஆல் ஆகிப் பார்ட்டிக்கும் போய்விடுகிறது: "மழைக்கு முன்னாடி வேணுமாம். நான் என்ன வருண பகவானா?" பதறிப்போய் ரீகால் கொடுக்கிறார். அதுவரை மெயிலைத் திறக்காத பார்ட்டி, ரீகாலைப் பார்த்த பிறகுதான் திறக்கிறார். பதில் ஒரே வரி: "வருண பகவானே, கன்டெய்னர் எங்கே?" அதற்கப்புறம் அந்த அலுவலகத்தில் அண்ணனுக்கு அதுதான் பெயர்.

முதல் வடிவத்தை எங்கள் அக்கவுன்ட்ஸ் அக்காவிடம் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். மதியம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கி வந்து வைத்துக்கொண்டு இருபத்தெட்டுப் பக்கத்தையும் படித்தார். நன்றாகச் சிரித்தார். கடைசிப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, "எல்லாரும் இருக்கோம். கன்டெய்னர் பக்கத்துல நிக்கிற புள்ள எங்கம்மா?" என்று கேட்டார்.

எனக்கு உடம்பே கூசிவிட்டது. அவர் கேட்டது எங்கள் ஃபீல்டு பையனை. கையில் பிளாஸ்டிக் கவரில் பேப்பர்களோடு, கொருக்குப்பேட்டை கேட்டில் ரயில் போகும்வரை நின்று, மணலி, திருவொற்றியூர் என்று வண்டியில் சுற்றுகிறவன். சீல் நம்பரைச் சரிபார்ப்பது அவன், ஆபீசர் முன்னால் பெட்டியைத் திறக்க ஆள் பிடிப்பது அவன், மழையில் நனைவதும் அவன். மெயிலில் அவன் எங்குமே கிடையாது. சிசியில்கூட இல்லை. அவனுக்கு ஐடியே கிடையாது. மெயிலை மட்டும் வைத்து அலுவலகக் கதை எழுதினால், வேலை நடக்கிற இடமே விட்டுப்போகும். இத்தனை வருடம் அதே மெயில்களுக்குள் இருந்தும் நான் அதைப் பார்க்கவில்லை.

அதனால்தான் வாட்ஸ்அப்பைக் கொண்டுவந்தேன். அவன் எப்படிப் பேசுவானோ அப்படியே எழுதினேன். அதற்கும் யோசிக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊர்ப் பேச்சைச் சினிமாவில் காலம் காலமாகச் சிரிப்பதற்கென்றே வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் தெருவிலும் அழுவது, கொஞ்சுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அந்தப் பேச்சில்தான். பையனின் பேச்சைக் கேட்டு யாரும் சிரிக்கக் கூடாது, அவன் சொல்லும் விஷயத்துக்குத்தான் சிரிக்க வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். அவன் செய்திகளை மட்டும் பதினோரு முறை திருத்தினேன். கடைசிப் பக்கம் இப்போது இப்படி இருக்கிறது.

3:05, பையனிடமிருந்து: "அக்கா சீல் ஓகே. தொறந்தாச்சி. இங்க மழ ஊத்துது."

3:06, டாக்ஸிலிருந்து: "பேப்பர் நனையாம பாத்துக்கோ."

3:07, பையனிடமிருந்து: "பேப்பர் சட்டைக்குள்ள கீது. நான்தான் நனயறேன். ஒரு கொடை எட்த்துக்கவா?"

3:07, டாக்ஸிலிருந்து: "தம்பி, அது பார்ட்டி சரக்கு. தொடாதே. ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்."

3:19, பையனிடமிருந்து: "அக்கா, ஆபீசர் ஒண்ண விரிச்சி காட்ட சொன்னாரு. விரிச்சேன். அவரு இன்னும் மூடுன்னு சொல்லல. நான் புட்ச்சினே நிக்கறேன்."