மாநாட்டு முன்மொழிவில் மதிப்பீடு எங்கே?

'திட்ட மதிப்பீடு' என்று தமிழில் சொன்னால் பாதிப் பேருக்குக் கட்டடச் செலவுக் கணக்குதான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது வேறு மதிப்பீடு. ஒரு நலத்திட்டமோ கல்வித் திட்டமோ நினைத்ததைச் சாதித்ததா, யாருக்குப் பலன் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, ஏன் என்று முறையாக ஆராயும் தொழில் அது. அதற்கென்று தனி மாநாடுகள் உண்டு. 1986-ல் இரண்டு அமைப்புகள் ஒன்றாகி உருவான அமெரிக்க மதிப்பீட்டுச் சங்கம் (ஏ.இ.ஏ.) ஆண்டுதோறும் நடத்துகிறது, ஐரோப்பிய மதிப்பீட்டுச் சங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. இவற்றுக்கு அமர்வு முன்மொழிவு, அதாவது பேச இடம் கேட்கும் விண்ணப்பம், அனுப்புகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு ஒன்று உண்டு. திட்டத்தைப் பற்றி எழுதிவிட்டு, மதிப்பீட்டைப் பற்றி எழுத மறந்துவிடுகிறார்கள்.

வழக்கமாக வருவது இப்படித்தான்: 250 சொல் சுருக்கத்தில் முதல் 150 சொல் பிரச்சினையின் பின்னணி, திட்டம் தொடங்கிய வரலாறு, நிதி கொடுத்தவர் பெயர். அடுத்த 70 சொல் திட்டத்தின் சாதனை. மிஞ்சிய 30 சொல்லில் "கலப்பு முறை (எண் தரவும் நேர்காணலும் சேர்ந்தது) பயன்படுத்தப்பட்டது, முடிவுகள் பகிரப்படும்." படிப்பவர் ஒரு மதிப்பீட்டாளர். அந்தத் திட்டம் நல்லதா என்பதல்ல அவருடைய கேள்வி. 'இந்த அமர்வில் உட்கார்ந்தால் என் வேலைக்கு எதை எடுத்துக்கொண்டு போவேன்' என்றுதான் பார்ப்பார். அவர் சம்பளம் இல்லாமல், சொந்த வேலைக்கு நடுவே, ஒரே உட்காரலில் பல முன்மொழிவுகளைப் படித்து மதிப்பெண் போடும் தன்னார்வலர் என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்றாவது வாக்கியத்துக்குள் விஷயம் வராவிட்டால் அவருடைய கண் நகர்ந்துவிடும்.

தலைப்பிலேயே வித்தியாசம் தெரியும். 'தாய்-சேய் நலத் திட்டம்: மதிப்பீட்டு முடிவுகள்' என்பது அறிக்கையின் அட்டை. 'ஒப்பீட்டுக் கிராமங்களுக்கும் திட்டம் போய்ச் சேர்ந்தபோது: தாய்-சேய் நல மதிப்பீட்டை நடுவழியில் மாற்றியமைத்தல்' என்றால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதே சிக்கல் எல்லோருக்கும் வந்திருக்கிறது. (ஒப்பீட்டுக் கிராமங்கள் என்பவை பலனை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் திட்டம் கொடுக்காமல் விட்டுவைத்தவை.) சுருக்கமும் அதே வழியில் போகட்டும். முதலில் சிக்கல்: ஒப்பீட்டுக் குழு கலைந்துவிட்டதால் திட்டம் இல்லாத நிலை எப்படி இருந்திருக்கும் என்று காட்ட வழியில்லை. அடுத்து எடுத்த முடிவு: மதிப்பீட்டு அறிஞர் ஜான் மேய்ன் முன்வைத்த பங்களிப்புப் பகுப்பாய்வுக்கு (விளைவில் திட்டத்துக்குப் பங்கு உண்டா என்று ஆராயும் முறை) மாறியது, திட்டம் எந்தப் படிகள் வழியாகப் பலன் தரும் என்ற மாற்றத்துக்கான கோட்பாட்டை எழுதி, ஒவ்வொரு கண்ணிக்கும் சான்று தேடி, மற்ற விளக்கங்களைச் சோதித்தது. பிறகு சான்றின் அளவு: எத்தனை இடம், எத்தனை நேர்காணல், எந்தக் காலம். கடைசியாக, எது சரிப்பட்டு வரவில்லை. இந்தக் கடைசி வரியைப் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். உண்மையில் முன்மொழிவை மேலே தூக்குவது அதுதான். எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்கிற மதிப்பீட்டாளரைச் சக மதிப்பீட்டாளர்கள் நம்புவதில்லை.

திட்டத்தின் பின்னணிக்கு இரண்டு வாக்கியம் போதும். அதைச் சுருக்க மனம் வராவிட்டால், எழுதியதில் 'மதிப்பீடு' சார்ந்த வாக்கியங்களுக்கு மட்டும் அடிக்கோடு போட்டுப் பாருங்கள். பாதிக்குக் கீழே இருந்தால் மறுபடி எழுத வேண்டியதுதான்.

அடுத்தது அமர்வின் வடிவம். பொருள் நன்றாக இருந்தும் வடிவம் பொருந்தாமல் விழுகிற முன்மொழிவுகள் ஏராளம். குழு அமர்வு என்பது ஒரே கேள்வியைப் பல கோணத்தில் பார்க்கும் மூன்று நான்கு உரைகள். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த நால்வர் ஒரே திட்டத்தை நாலாகப் பிரித்துக்கொண்டு வந்தால் அது குழு அல்ல, நீளமான தனி உரை. மதிப்பீட்டாளர், திட்டத்தை நடத்தியவர், மதிப்பீட்டுக்குப் பணம் கொடுத்தவர் என்று மூன்று பேர் வந்து, முடிவுகளை ஏன் வெவ்வேறு விதமாகப் படித்தோம் என்று பேசினால் அது குழு. தனிக் கட்டுரை அனுப்பினால் அமைப்பாளர்களே வேறு கட்டுரைகளோடு சேர்த்து ஓர் அமர்வாக்குவார்கள். பக்கத்தில் யார் உரை வரும் என்பது நம் கையில் இல்லை. பாதி வெந்த யோசனைக்கு வட்டமேசை. அங்கே முடிவுகள் வேண்டாம், நல்ல கேள்விகள் இரண்டோ மூன்றோ வேண்டும். செயல்விளக்கம் என்றால் ஒரு கருவியையோ முறையையோ படிப்படியாகச் செய்துகாட்ட வேண்டும். மென்பொருளை விற்க வந்த வாடை அடித்தால் மதிப்பெண் சரிந்துவிடும். படமும் அட்டவணையும் பேசுகிற ஆய்வுக்குப் போஸ்டர் மோசமான இடமே அல்ல. அதை இரண்டாம் தரம் என்று நினைப்பவர்கள் அங்கே கிடைக்கும் நேருக்கு நேர் உரையாடலை இழக்கிறார்கள்.

இக்னைட் என்ற வடிவத்தைப் பார்த்துச் சுலபம் என்று நினைக்க வேண்டாம். 20 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 15 வினாடியில் தானாக நகரும், மொத்தம் 5 நிமிடம். ஒரு ஸ்லைடுக்கு இரண்டு சிறு வாக்கியம்தான் அடங்கும். ஒரே ஒரு கருத்து இருந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள்.

நேரக் கணக்கை முன்மொழிவிலேயே எழுதிக்காட்டுவது நல்லது. 60 நிமிட அமர்வில் நெறியாளருக்கு 4, மூன்று உரைகளுக்குத் தலா 12 என்றால் 40 ஆகிவிட்டது. கலந்துரையாடலுக்கு 20 மிஞ்சும். நான்காவது பேச்சாளரைச் சேர்த்தால் அது 8-ஆகக் குறையும், பேச்சாளர்கள் வழக்கம்போல் இரண்டிரண்டு நிமிடம் இழுத்தால் ஒரு கேள்விக்குக்கூட இடமில்லை. 90 நிமிடத்தில்தான் நாலு பேர் தாங்கும்: தலா 15, உரைகளைக் கேட்டுவிட்டு ஒருவர் சொல்லும் கருத்துரைக்கு 10, அறிமுகத்துக்கு 5, மீதி 15 கேள்விக்கு. கருத்துரைப்பவர் என்று ஒரு பெரிய பெயரைப் போட்டுவிட்டுப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். சம்மதம் வாங்கிய பிறகே பெயர்.

ஏ.இ.ஏ. மாநாட்டில் முன்மொழிவுகளைப் படிப்பது டி.ஐ.ஜி. (Topical Interest Group) எனப்படும் துறைவாரிக் குழுக்கள். ஆரம்ப சுகாதார மதிப்பீட்டில் செலவுப் பகுப்பாய்வு செய்திருந்தால் அதை எந்தக் குழுவுக்கு அனுப்புவது? உங்கள் ஆய்வில் புதிது எதுவோ அதை வைத்து முடிவு செய்யுங்கள். செலவுக் கணக்கு முறை புதிது என்றால் செலவுப் பகுப்பாய்வுக் குழு. முறை பழையது, சுகாதாரச் சூழல்தான் புதிது என்றால் சுகாதாரக் குழு. தவறான குழுவில் விழுந்த நல்ல முன்மொழிவை 'எங்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மாநாட்டின் ஆண்டுக் கருப்பொருளை வலிந்து ஒட்டவைப்பதும் வேண்டாம். பொருந்தினால் எப்படிப் பொருந்துகிறது என்று ஒரு வாக்கியத்தில் காட்டுங்கள். கருப்பொருள் சொல்லை ஐந்து முறை தூவுவது எடுபடாது.

முன்மொழிவு அனுப்பச் சொல்லும் அழைப்பு மாநாட்டுக்குப் பல மாதம் முன்பே வந்துவிடும். அதனால் தரவு சேர்ந்து முடியாத ஆய்வுகளும் முன்மொழிவாகும். அது குற்றமில்லை. எந்த மாதம் தரவு முடியும், முடிவு வராவிட்டாலும் வடிவமைப்பிலிருந்து எதைப் பேச முடியும் என்று சொல்லிவிட்டால் போதும். அதைவிடப் பெரிய ஆபத்து அனுமதி. மதிப்பீட்டு அறிக்கை பெரும்பாலும் பணம் கொடுத்தவருக்குச் சொந்தம். ஒப்பந்தத்தில் வெளியிடும் உரிமை யாருக்கு என்று பார்க்காமல் அனுப்பி, ஏற்கப்பட்ட பிறகு 'பேசக் கூடாது' என்று தடை வந்தால் அமர்வையே விலக்கிக்கொள்ள வேண்டிவரும். எழுத்தில் அனுமதி முதலில்.

இனி அற்ப விஷயங்கள், ஆனால் ஆளைக் கவிழ்ப்பவை. வரம்பு சொல் கணக்கா எழுத்துக் கணக்கா, எழுத்து என்றால் இடைவெளியும் சேருமா என்று பாருங்கள். வேறு கோப்பில் எழுதி ஒட்டும்போது புள்ளிப்பட்டியலும் மேற்கோள் குறிகளும் குலையும். எளிய உரையாக மாற்றி ஒட்டுங்கள். பெயரை மறைத்துப் படிக்கும் மாநாடு என்றால் சுருக்கத்துக்குள் நிறுவனப் பெயர் தலைகாட்டக் கூடாது. இணைப் பேச்சாளர்களின் சரியான மின்னஞ்சலும் பதவியும் முன்பே கையில் இருக்கட்டும். கடைசி நாள் இரவில் அதைத் தேடித்தான் பலர் நேரத்தைத் தவறவிடுகிறார்கள். அந்த இரவு எந்த நேர மண்டலத்தின் இரவு என்பதும் முக்கியம். ஒருவர் எத்தனை அமர்வில் பேசலாம் என்ற உச்சவரம்பு இருந்தால், உங்கள் பேச்சாளர் வேறு யாருடைய முன்மொழிவிலாவது ஏற்கெனவே இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள்.

சமர்ப்பித்ததும் உறுதி மின்னஞ்சல் வந்ததா என்று பார்த்து, பதிந்த பிரதியை இறக்கி எல்லாப் பேச்சாளர்களுக்கும் அனுப்புங்கள். அதோடு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: ஏற்கப்பட்டாலும் பெரும்பாலான மாநாடுகளில் பேச்சாளரும் பதிவுக் கட்டணம் கட்டியாக வேண்டும், பயணச் செலவு அவரவருடையது. இதைக் கேட்டு விலகுகிறவர் இப்போதே விலகினால் வேறு ஆள் போட நேரமிருக்கும்.