கோயில் படம் எடுக்க வைட் லென்ஸா, 18-135ஆ?

கேனான் 200டி கேமராவோடு வந்த 18-55 லென்ஸை வைத்துத்தான் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கோயில்களை இதுவரை எடுத்துக்கொண்டிருந்தேன். (இந்த எண்கள் லென்ஸின் மி.மீ. அளவு: எண் குறைந்தால் காட்சி அகலமாகத் தெரியும், கூடினால் தூரத்தில் இருப்பது கிட்ட வரும்.) அடுத்த லென்ஸுக்குக் காசு சேர்ந்ததும் இரண்டு பெயர்கள் மனதில் நின்றன. ஒன்று 10-18 அல்ட்ரா வைட். மற்றது 18-135, எதற்கும் ஆகிற ஜூம். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும். 18-135 வாங்கினேன். "கோயிலுக்கு வைட்தானே வேணும்?" என்று கேட்காத நண்பர் இல்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கட்டடம் எவ்வளவு பெரிது என்று பார்ப்பதைவிட, நாம் பின்னால் போக எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் ஏறக்குறைய 216 அடி. ஆனால் அதற்கேற்ற பிரகாரத்தையும் ராஜராஜன் விட்டுவைத்திருக்கிறார். நந்தி மண்டபத்துக்குப் பக்கவாட்டில் தள்ளி நின்று கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், 18லேயே கலசம் வரை வந்துவிடும். அதே இடத்தில் 10 வைத்தால் விமானம் சிறுத்துப்போகும், தரைதான் படத்தை நிறைக்கும். சரி, கிட்டப் போய் அண்ணாந்து எடுக்கலாம் என்றால் விமானம் பின்பக்கம் சாய்கிறது. படத்தைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் நிமிர்த்தலாம்தான், ஆனால் ஓரங்கள் வெட்டுப்படும். மேலே போகப் போகக் குறுகும்படி கணக்குப் போட்டுக் கட்டிய விமானம் அது. அதை லென்ஸ் இன்னும் குறுக்கிக் காட்டுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. அப்புறம், விமானத்தின் வடபுறத்தில் உயரே தொப்பி போட்ட ஓர் உருவம் இருக்கிறதே, அது 135 இல்லாமல் சரியாகக் கிடைக்காது.

என் முடிவுக்குப் பெரிய காரணம் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில். தஞ்சையை அண்ணாந்து பார்ப்போம் என்றால், தாராசுரத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். அடித்தளத்தில் நாயன்மார் கதைகள் சின்னச் சின்னக் கட்டங்களாக ஓடுகின்றன. தூண்களில் சாண் அளவு இடத்துக்குள் ஆடுகிறவர், மத்தளம் கொட்டுகிறவர் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. யானைக்கும் காளைக்கும் ஒரே தலையாகச் செதுக்கிய சிற்பத்தை வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் தேடுவார்கள். இதையெல்லாம் 10ல் எடுப்பதென்றால் லென்ஸ் கல்லை இடிக்கிற அளவுக்குப் போக வேண்டும்; நம் நிழலே சிற்பத்தின் மேல் விழும். 18-135 39 செ.மீ. தூரத்திலேயே ஃபோகஸ் ஆகிறது. தள்ளி நின்று, மாலையில் பக்கவாட்டாக வெயில் விழும்போது, ஒரு விரல் அளவு முகத்தைக்கூடத் தெளிவாகப் பிடிக்க முடிகிறது. அதே இடத்தில் நின்றபடி வளையத்தைத் திருப்பினால், ராஜகம்பீரன் மண்டபத்தின் தேர்ச்சக்கரமும் குதிரையும் முழுசாக வந்துவிடும். லென்ஸைக் கழற்றி மாட்ட வேண்டியதில்லை.

சுவாமிமலைப் பட்டறையிலும் அப்படித்தான். உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றும் நேரத்தில் அல்ட்ரா வைட்டோடு கிட்டப் போவது ஸ்தபதிக்கும் இடைஞ்சல், நமக்கும் ஆபத்து. வாசல் ஓரமாக நின்று 100க்கு மேல் வைத்தால் அவர் முகத்தில் விழும் உலை வெளிச்சம்வரை கிடைக்கிறது.

மண்டபத்துக்குள் இருட்டாக இருக்குமே என்பார்கள். அதில் 10-18க்குப் பெரிய சாதகம் கிடையாது. அது எஃப் 4.5ல்தான் தொடங்குகிறது, 18-135 எஃப் 3.5ல்; எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும். கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஐஎஸ் இரண்டிலும் உண்டு. வைட் என்பதால் ஷட்டர் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்துக் கையிலேயே பிடிக்கலாம், அவ்வளவுதான். எடையில் மட்டும் 10-18 ஜெயிக்கிறது: 240 கிராம், மற்றது 480. நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கும்போது அது தெரியத்தான் செய்கிறது.

வைட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. செட்டிநாட்டு வீடுகளை எடுக்கிறவருக்கு 10-18தான் முதல் லென்ஸ். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் முதுகு சுவரில் இடித்துவிடும், அதற்குமேல் எங்கே போவது? 18ல் ஏறக்குறைய 74 டிகிரிதான் தெரியும், 10ல் 107. அந்த வித்தியாசம் அங்கே ஒரு வரிசைத் தூணையே கூடுதலாகக் கொடுக்கும்.

உங்களுக்கு எது என்று குழப்பமாக இருந்தால், பழைய படங்களைத் திறந்து எத்தனை மி.மீ.ல் எடுத்தது என்று பாருங்கள். 18ல் எடுத்தவை நிறைய இருந்தால் உடனே வைட் என்று முடிவு கட்ட வேண்டாம். அங்கே இன்னும் பத்தடி பின்னால் போயிருக்க முடியுமா என்று யோசியுங்கள். என் படங்களில் பெரும்பாலும் போயிருக்க முடியும். 55லோ, அதற்குமேல் ஜூம் போகாமல் முட்டிக்கொண்டு நின்றவைதான் அதிகம்.

திருவாரூர் ஆழித்தேருக்கு மட்டும் நண்பரின் 10-18ஐ இரவல் கேட்டிருக்கிறேன். வடம் பிடிப்பவர்களின் கைகளை முன்னால் வைத்து, பின்னால் 96 அடித் தேரையும் ஒரே படத்தில் கொண்டுவர வேண்டும். நெரிசலில் பின்னால் நகர முடியாது, தூசியில் லென்ஸ் மாற்றவும் முடியாது. இரண்டு லென்ஸுக்கும் 67 மி.மீ. ஃபில்டர்தான் என்பதால் என்னுடையது அதிலும் பொருந்தும். வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் போலரைசர் ஃபில்டரை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். அவ்வளவு அகலத்தில் வானம் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் வரும்.