ஏரியில் கிடக்கும் தோட்டம்

எங்கள் ஊர் ஏரியில் ஆகாயத்தாமரையை அள்ள மறுபடியும் ஜேசிபி வந்திருக்கிறது. வருஷா வருஷம் நடக்கும் திருவிழாதான். கரையில் நின்று பார்த்தபோது வங்கதேசத்தின் நாசிர்பூர் பகுதி நினைவுக்கு வந்தது.

பிரோஜ்பூர் மாவட்டத்தில் இருக்கிறது அது. மழைக்காலத்தில் வயலெல்லாம் மாதக்கணக்கில் தண்ணீருக்குள். அங்கே இதே ஆகாயத்தாமரையைக் குவித்து, ஏறி மிதித்து, நீளநீளமாக மிதக்கும் பாத்தி கட்டுகிறார்கள். விதையை மண்ணில் போடுவதில்லை. நீர்ச்செடிகளை உள்ளங்கையில் அடங்கும் உருண்டையாகச் சுருட்டி, அதற்குள் முளைக்க வைக்கிறார்கள். நாற்று தேறியதும் பாத்திக்கு மாறும். வெண்டை, சுரை, பூசணி, மஞ்சள்கூட வருகிறது. வெள்ளம் ஏறினால் தோட்டமும் கூடவே ஏறும். தண்ணீர் வடிந்ததும் மக்கிய பாத்தி அடுத்த பயிருக்கு உரம்.

பல தலைமுறைப் பழக்கம் இது. 2015-ல் ஐநாவின் உணவு, வேளாண் அமைப்பு உலக வேளாண் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சரி, பட்டம் கிடைத்தது. அப்புறம்? காலநிலை மாற்றத்தைச் சமாளிக்கப் புதுமை என்றாலே நிதி தருபவர்களுக்கு ட்ரோனும் செயலியும்தான் கண்ணில் படுகின்றன (செயலி வேண்டாம் என்று சொல்லவில்லை). இந்த விவசாயிக்கு வேண்டியது ஒரு படகு, நல்ல விதை, வட்டிக்காரனிடம் போகாமல் கிடைக்கும் சின்னக் கடன். இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்கில் நின்று வேலை செய்கிறவருக்குத் தோல் நோய்க்கு மருந்தும் வேண்டும்.

ஜேசிபி அள்ளியது இப்போது கரையில் குவிந்து நாறிக்கொண்டிருக்கிறது. நாளை லாரி வருமாம்.